பொல்லு படிப்பிப்பதில்லை

"அடியாத மாடு படியாது" என்ற பழமொழி மட்டக்களப்பில் மாட்டோடு நின்றதில்லை. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் சரி, மேற்கே படுவான்கரையிலும் சரி, ஒரு குட்டி நாய் வளவுக்குள் வந்த முதல் கிழமையே அதன் படிப்பு தொடங்கிவிடுகிறது. விறாந்தையில் மூத்திரம் பெய்தால் கழுத்தைப் பிடித்து மூக்கை அதிலேயே தேய்க்கிறார்கள். செருப்பைக் கடித்தால் அதே செருப்பால் அடி. உறுமினால் பொல்லு. செய்கிறவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். அதே கைதான் இராத்திரி மீன் தலையையும் மிஞ்சின சோற்றையும் குழைத்து வைக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த பாடமுறை அது ஒன்றுதான். படித்தவர், படியாதவர், தோணிக்காரர், உத்தியோகத்தர் என்ற பேதமில்லாமல் ஊரே ஒத்துக்கொள்கிற மிகச் சில விடயங்களில் இதுவும் ஒன்று. ஊரே ஒத்துக்கொண்டாலும் இது பிழை. ஏன் பிழை என்று சொல்லுகிறேன்.

முதலில் அந்தக் கட்சியை அதன் பலமான இடத்தில் வைத்தே பார்ப்போம். வவுணதீவுப் பக்கம் ஒரு வீட்டு நாய் அயல்வளவுக் கோழியைப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். இன்னொரு கோழி போனால் அயலவர் சோற்றுக்குள் நஞ்சு வைப்பார். நாய்க்காரர் நாயைக் கட்டிப்போட்டு நாலு அடி நன்றாகப் போடுகிறார். "அடி வாங்கி உயிரோட இருக்கிறது நல்லதா, அடி வாங்காமச் சாகிறது நல்லதா?" என்று கேட்கிறார். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இதோடு வேறு வாதங்களும் சேர்கின்றன. அடி உடனே வேலை செய்கிறது, காசு கேட்பதில்லை. வீட்டுக்கு யார் தலைவர் என்று நாய்க்குத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் தலையில் ஏறிவிடும். தீன் காட்டிப் பழக்கினால் தீன் இருக்கும்வரைதான் சொல் கேட்கும். செல்லம் கொடுத்த நாய் காவலுக்கு உதவாது. கடைசியாக, பொறுமையாகப் பழக்குவதெல்லாம் கொழும்பு ஏழிலும் வெளிநாட்டிலும் வேலையில்லாமல் இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இனி ஒவ்வொன்றாக எடுப்போம்.

1. அடி எதைப் படிப்பிக்கிறது?

சந்தைக்குப் போய்த் திரும்புகிறீர்கள். ஒரு செருப்பு கிழிந்து கிடக்கிறது. நாய் வாலைக் காலுக்குள் செருகி, காதை மடக்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறது. "பாத்தியா, செஞ்ச பிழை அதுக்கே தெரியும்" என்று சொல்லிக்கொண்டு தும்புத்தடியைத் தூக்குகிறீர்கள். ஊரில் நாய் வளர்க்கிற அத்தனை பேரும் சாட்சி சொல்லக்கூடிய காட்சி இது. நாய் தன் குற்றத்தை அறிந்தே அடி வாங்குகிறது என்ற நம்பிக்கை முழுவதும் இந்தக் காட்சியின் மேல்தான் நிற்கிறது.

2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு துண்டுத் தீனை வைத்து, தின்னாதே என்று நாய்க்குச் சொல்லிவிட்டு, வளர்த்தவரை அறையை விட்டு வெளியே போகச் செய்தார். சில தடவை நாய் தின்றது, சில தடவை தின்னவில்லை. திரும்பி வந்த வளர்ப்பாளரிடம் மட்டும் சிலவேளை உண்மையும் சிலவேளை பொய்யும் சொல்லப்பட்டது. வெளிவந்த முடிவு இதுதான்: அந்தக் குற்றமுகம் நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, வளர்த்தவர் ஏசினாரா இல்லையா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒரு பிழையும் செய்யாமல் ஏச்சு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. ஆகவே, மூலையில் ஒடுங்குகிற நாய் செருப்பை நினைத்து வருந்தவில்லை. உங்கள் நடையையும் முகத்தையும் பார்த்துப் பயப்படுகிறது. ஒரு செயலையும் அதன் பலனையும் நாயின் மூளை சேர்த்து முடிச்சுப் போடுவதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வினாடி. செருப்புக் கிழிந்தது காலையில், அடி விழுவது மத்தியானத்தில். அந்த அடியோடு முடிச்சுப் போடப்படுவது செருப்பு அல்ல; படலையைத் திறந்துகொண்டு வீட்டுக்காரர் வருவது.

இதிலிருந்து கோழிக் கேள்விக்கு வரலாம். கையும் களவுமாகப் பிடித்து அந்தக் கணத்திலேயே அடித்தால் நாய் ஒன்றைப் படிக்கும் என்பது உண்மை. இந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது கோழியைத் தொடக்கூடாது என்று படிக்கும். அவர் வயல்வட்டைக்குப் போன பிறகு என்ன செய்யும் என்று கோழிக்காரரிடம் கேளுங்கள். நஞ்சிலிருந்து நாயைக் காப்பாற்றுவது அடி அல்ல. பகலில் ஒரு நீளக் கயிறு, வேலியில் உள்ள பொட்டை அடைப்பது, கோழி கண்ணில் பட்டதும் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தால் ஒரு மீன் துண்டு. இது அலுப்பான வேலைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடித்தவர் காப்பாற்றியதாகச் சொல்லுகிற அந்த நாய் அடுத்த மாதம் எப்படியும் செத்துப்போகிறது. பிறகு "அது சரிவராத சாதி" என்று ஒரு விளக்கமும் வரும்.

கூப்பிட்டால் வருவதைப் பற்றியும் இங்கேயே சொல்லவேண்டும், ஏனென்றால் படுவான்கரையில் அது உயிர்ப் பிரச்சினை. யானை வருகிற வட்டைகளில் வாடிக் காவலுக்கு நாயை வைத்திருக்கிறார்கள். முதலில் மணம் பிடித்துக் குரைப்பதும் அதுதான். ஆனால் யானையைத் துரத்திப் போன நாய், யானை திரும்பினால் ஓடி வருவது வாடியில் இருக்கிற தன் ஆளிடம். யானையும் பின்னாலேயே வரும். குரைத்ததும் "வா" என்ற ஒரு சொல்லுக்கு உடனே திரும்புகிற நாய்தான் அந்த இடத்தில் பெறுமதியானது. அந்தச் சொல்லைப் பொல்லால் படிப்பிக்கவே முடியாது. தூரத்தில் நிற்கிற நாயை எட்டி அடிக்க முடியாது. வந்தபிறகு அடித்தால் வந்ததற்கு அடித்ததாகும். ஊரில் பாதி நாய்கள் பேரைக் கூப்பிட்டதும் எட்டடி தள்ளி நின்று தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பது ஏன்? கிட்டப் போனால் என்ன கிடைக்கும் என்ற பாடத்தை அவை மிகச் சரியாகப் படித்திருக்கின்றன.

2. "அடங்கிவிட்டதே!"

அடங்கிவிட்டது என்பது உண்மை. அடிக்கிற கட்சியின் மிகப் பெரிய சான்றும் இதுதான், மிகப் பெரிய ஏமாற்றமும் இதுதான். 1967இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த, இன்றைக்கு எவரும் அனுமதிக்கமாட்டாத ஒரு பரிசோதனை இருக்கிறது. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சியைச் சில நாய்களுக்குக் கொடுத்தார்கள். பிறகு அவற்றை ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடக்கூடிய பெட்டியில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாண்டவில்லை. படுத்து முனகிக்கொண்டு அதிர்ச்சியை வாங்கின. எந்தச் சத்தமும் போடாமல், எதையும் கடிக்காமல், சொன்ன இடத்தில் கிடக்கிற நாய். நம்மூர்ப் பேச்சில் இதற்கு "நல்லாப் பழகின நாய்" என்று பெயர்.

நாயின் உறுமலை எடுத்துக்கொள்வோம். நாய் கடிக்க முன்னம் ஒரு நீண்ட படிவரிசையில் பேசுகிறது. முகத்தைத் திருப்பும், மூக்கை நக்கும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், உடம்பை விறைக்கும், உதட்டைத் தூக்கும், உறுமும். கடி கடைசிப் படி. உறுமலுக்கு அடி விழுந்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். உறுமவைத்த பயம் உள்ளே அப்படியே இருக்கும். இனி அது நேரே கடைசிப் படிக்குத் தாவும். "ஒரு சத்தமும் போடாம, திடீரெண்டு பாஞ்சு கடிச்சுப்போட்டு" என்று ஆஸ்பத்திரியில் சொல்லப்படுகிற கதைகளில் எத்தனை நாய்கள் முன்னர் உறுமியதற்காக அடி வாங்கியவை என்று யாரும் விசாரிப்பதில்லை. சாப்பிடும் நாய்க்குப் பக்கத்தில் போகிற சின்னப் பிள்ளைக்கு அந்த உறுமல்தான் ஒரே எச்சரிக்கை. அதை அடித்து அழித்தவர் பிள்ளையின் பாதுகாப்பைத்தான் அழித்திருக்கிறார்.

இதற்கு எண்ணும் இருக்கிறது. அதே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மெகான் ஹெரோனும் மற்றவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பிரச்சினையுள்ள நாய்களைக் கொண்டுவந்தவர்களிடம் அவர்கள் முன்னர் என்னென்ன செய்துபார்த்தார்கள், நாய் திரும்ப என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 வீதமானோர் நாய் தங்கள்மேல் பாய்ந்ததாக அல்லது சீறியதாகச் சொன்னார்கள். நாயைப் பார்த்துத் திரும்ப உறுமியவர்களுக்கு 41 வீதம். மல்லாக்கக் கிடத்தி அமத்தியவர்களுக்கு 31 வீதம். அவை ஏற்கெனவே கரைச்சலான நாய்கள், ஆகவே எல்லா நாய்க்கும் இந்த வீதத்தைப் பொருத்தக்கூடாது என்பது நியாயமான திருத்தம். ஆனால் கரைச்சலான நாயைத்தானே "இதுக்கு அடிதான் மருந்து" என்று சொல்லுகிறோம்? அந்த இடத்திலேயே மருந்து நஞ்சாக வேலை செய்கிறது.

ஒன்றைச் சேர்க்கவேண்டும். திடீரென்று சீறத் தொடங்கிய நாய்க்குப் பலவேளை எங்கோ நோகிறது. காதுக்குள் புண், உண்ணிக் காய்ச்சல், பழைய அடியில் வீங்கின மூட்டு. அதற்குத் தேவை மிருக வைத்தியர். நோகிற இடத்தில் இன்னொரு அடி என்ன பாடத்தைப் படிப்பிக்கும் என்று எனக்கு யாராவது விளங்கப்படுத்தினால் நல்லது.

3. யார் தலைவர்?

ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு, மற்றவற்றை அடக்கி வைப்பதால்தான் அது தலைவன், நாய் ஓநாயின் வம்சம், ஆகவே வீட்டுக்காரர் நாயை அடக்கவேண்டும். இந்தச் சங்கிலியை யூடியூபில் பார்த்துவிட்டுச் சொல்லுகிறவர்களும் இப்போது நம்மிடையே இருக்கிறார்கள். இது விஞ்ஞானம்போலத் தெரிவதால் பொல்லைவிட ஆபத்தானது.

இந்தச் சங்கிலியின் தொடக்கம் ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் எழுதிய ஆய்வு. அவர் பார்த்தவை விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை உலகம் முழுவதும் கொண்டுபோனது. அதே மீச், கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைக்குக் கோடை பக்கத்திலிருந்து பார்த்தபிறகு, 1999இல் தன் பழைய கருத்தைத் தானே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள். "தலைவன்" என்று நாம் பேரிட்டது தகப்பனை. சண்டை போட்டுப் பிடித்த பதவி அல்ல அது. பரப்பியவரே கைவிட்ட கருத்தை நாம் ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறோம்?

நம்முடைய நாய்கள் ஓநாயும் அல்ல. கட்டாக்காலி நாய்களைப் பற்றி அறிய ஓநாயிடம் போகவேண்டியதில்லை, கொல்கத்தாவுக்குப் போனால் போதும். அங்கே இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் மாணவர்களும் தெரு நாய்களைத் தெருவிலேயே ஆராய்கிறார்கள். நம் ஒழுங்கைகளில் படுத்துக் கிடக்கிற அதே இனம், அதே வாழ்க்கை. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்பத் தடவிக்கொடுத்தபோது, தீன் கொடுத்ததைவிட அதிகமாக அந்த நாய்கள் நம்பிக்கை வைத்தன என்பது 2017இல் வந்த முடிவு. 2020இல் இன்னொன்று: எந்தப் பழக்கமும் பெறாத தெரு நாய்களுக்கு முன்னால் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கையால் சுட்டிக் காட்டினார்கள். கிட்ட வந்த நாய்களில் ஏறக்குறைய 80 வீதம் சுட்டின கிண்ணத்துக்கே போயின. ஏறக்குறையப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. மனிதருக்குப் பயந்தவை அவை. "ஊர் நாய்க்கு மூளை இல்லை, அல்சேஷனுக்குத்தான் சொன்னால் விளங்கும்" என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மூளை இருக்கிறது. பயம் அதை வரவிடாமல் தடுக்கிறது.

4. தீன் கொடுப்பது லஞ்சமா?

கச்சேரியில் வேலை செய்கிறவர் மாதம் முடிய வாங்குவது சம்பளம். கோப்பை நகர்த்த முன்னமே மேசைக்குக் கீழால் வாங்குவது லஞ்சம். மீன் துண்டை முன்னால் ஆட்டிக் காட்டி "வா, வா" என்று கெஞ்சினால் அது லஞ்சம்தான், அந்த நாய் துண்டைக் கண்டால்தான் அசையும் என்பதும் சரிதான். வந்தபிறகு, எதிர்பாராத இடத்திலிருந்து துண்டு வருவது வேறு. பழக்கம் ஊறினபின் ஐந்து தடவைக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டு போகலாம். அப்படி இடைவிட்டுக் கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை இன்னும் இறுக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டி எத்தனையோ பத்தாண்டுகள் கடந்துவிட்டன. சம்பளம் வாங்குகிறவரைப் பார்த்து "காசு நிண்டா இவர் வேலைக்கு வரமாட்டார்" என்று குறை சொல்லாத நாம், நாய் மட்டும் சும்மா உழைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது வேடிக்கை.

விடியப்புறம் வாவிக் கரையில் தோணி தட்டுகிற ஒரு துறைக்குப் போய் நில்லுங்கள். தோணி வர முன்னமே நாய்கள் வந்துவிடும். சூரியன் இன்னும் எழும்பியிராது. அவை மணலில் முன்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்கும். எந்தத் தோணிக்காரர் வலையில் சிக்கின பொடிமீனை எறிகிறவர், எவர் எறியாதவர் என்று அவற்றுக்குத் தெரியும். எறிகிறவரின் தோணி வளைவில் தெரிந்ததும் எழும்பி நிற்கிறவை, மற்றத் தோணிக்கு வாலைக்கூட ஆட்டுவதில்லை. வலை குலுக்கும்போது எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும் என்றும் தெரியும்: நெருங்கினால் மீன் வராது, தள்ளி நின்றால் வரும். நேரம், ஆள், தூரம் ஆகிய மூன்றையும் இவற்றுக்கு அடித்துப் படிப்பித்தவர் யார்? ஒருவரும் படிப்பிக்க எண்ணக்கூட இல்லை, பலன் படிப்பித்தது. எதிர்க்கட்சிக்கு வேண்டிய ஆதாரம் அதன் கண்ணெதிரே தினமும் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.

துறை நாய் சின்ன விடயம் என்றால் பெரியதற்கு வருவோம். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டது. யுத்தம் மண்ணுக்குள் விட்டுப்போனதைத் தேடுகிற வேலையில் இந்த நாட்டில் மனிதரோடு நாய்களும் இறங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்குப் பழக்கிய நாய்களை வழங்கியது. அந்தப் பழக்கம் நடப்பது இப்படி: வெடிமருந்தின் மணத்தைக் கண்டுபிடித்து, தோண்டாமல் துள்ளாமல் அந்த இடத்தில் உட்கார்ந்தால் ஒரு பந்து, அல்லது ஒரு வாய்த் தீன். அவ்வளவுதான். அடி ஏன் இல்லை? பயந்த நாய் இரண்டு பிழைகளில் ஒன்றைச் செய்யும். ஏச்சுக்குத் தப்ப, வெடி இல்லாத இடத்தில் உட்காரும். அல்லது உட்கார்ந்து பிழைத்துப்போனால் அடி விழும் என்று இருக்கிற இடத்தையும் தாண்டிப் போகும். இரண்டாவது பிழைக்கு விலை ஒரு மனிதரின் கால். உலகத்தில் நாயின் சொல்லை நம்பி அடுத்த அடி எடுத்து வைக்கிற மனிதர்கள் தெரிந்தெடுத்த முறை பந்து. கோழியைக் காப்பாற்றப் பொல்லுதான் வேண்டும் என்கிறவர்கள் இதற்கு என்ன சொல்லுகிறார்கள்?

நாய்கூட வேண்டாம். தன்சானியாவில் அப்போப்போ என்ற அமைப்பு, பெரிய எலிகளுக்குச் சொடுக்குச் சத்தமும் வாழைப்பழத் துண்டும் கொடுத்துக் கண்ணிவெடி தேடப் பழக்குகிறது. அங்கே பழகி, கம்போடியாவில் நூறுக்கு மேற்பட்ட வெடிபொருட்களைக் கண்டுபிடித்த மகாவா என்ற எலிக்கு 2020இல் பிரித்தானிய அமைப்பு ஒன்று தங்கப்பதக்கம் கொடுத்தது. எலியை அடித்துப் பழக்கலாம் என்று சொல்லுகிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. 1960களில் ஹவாயில் கரென் பிரையர் டொல்பின்களைப் பழக்கியபோதும் இதே நிலைதான்: டொல்பினுக்குக் கயிறு போட முடியாது, அடிக்கவும் முடியாது, பிடிக்காவிட்டால் நீந்திப்போய்விடும். விசிலும் மீனுமாக அவர் செய்ததுதான் பிறகு நாய்களுக்கு வந்தது. தப்பிப் போகக்கூடிய பிராணியிடம் எல்லாரும் பொறுமையாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

5. "செல்லம் கொடுத்தால் காவல் காக்காது"

குரைப்பதற்கு எந்த நாய்க்கும் அடி தேவையில்லை. தன் வளவுக்குள் அந்நியர் வந்தால் குரைப்பது அதன் இயல்பு. காவல் நாய்க்குத் தேவையானது ஆள் பிரித்தறிவது: கள்ளனையும் தபால்காரரையும், இரவு ஒரு மணிக்கு மதில் ஏறுகிறவனையும் பின்னேரம் பந்தெடுக்க வருகிற பொடியனையும். பயத்தில் வளர்ந்த நாய்க்கு எல்லா மனிதக் கையும் ஒரே கை. அது கள்ளனைக் கடிக்கும், மின்கட்டணம் வாசிக்க வருகிறவரையும் கடிக்கும், துணிந்த கள்ளன் பொல்லை ஓங்கினால் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பொல்லுக்கு அடங்கத்தானே அதைப் பழக்கினோம்?

எழுவான்கரையில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலியாக இருக்கின்றன. தொழுகைக்குப் போகிறவர்மேல் ஒரு நாய் துள்ளி வாயை வைத்துவிட்டால் அவர் திரும்பிப்போய்க் கழுவவேண்டும். நாயைத் தொட விரும்பாதவர்களுக்கு வீதியில் நிம்மதியாக நடக்க உரிமை உண்டு, நாய்க்காரருக்கு அதில் கடமை உண்டு. ஆட்கள் போகும்போது கீழே உட்கார்ந்தால் துண்டு கிடைக்கும் என்று தெரிந்த நாய் உட்கார்ந்துகொள்ளும். ஆட்களைக் கண்டதும் ஏச்சும் இழுப்பும் வாங்கிப் பழகிய நாய், ஆட்கள் வந்தால் தனக்குக் கெட்டது வருகிறது என்று படித்து, வருகிறவர்மேலேயே பாயப் பார்க்கும்.

6. இது வெளிநாட்டுப் பழக்கமா?

அடித்துப் பழக்குவதை ஒரு முறையாக எழுதி வைத்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மன் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மோஸ்ட், ஆண்டு 1910. இறுகும் சங்கிலியும் வெட்டி இழுப்பதும் ஐரோப்பியப் படை முகாம்களில் வளர்ந்து உலகமெங்கும் போனவை. நம்முடைய முப்பாட்டன்மார் நாயைப் "பழக்கியதாக" எனக்குத் தெரிந்து ஒரு மரபும் இல்லை. சோறு வைத்தார்கள், நாய் தானாகப் பார்த்துப் படித்தது. எது இறக்குமதி என்று வழக்குப் போட்டால் பொல்லுக்காரர் தோற்பார். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியான மின்னதிர்ச்சிக் கழுத்துப் பட்டியை வேல்ஸ் 2010இல் தடைசெய்துவிட்டது. நம்மிடம் இருப்பதோ 1907ஆம் ஆண்டு மிருகவதைச் சட்டம், அதில் தண்டம் கூடினது நூறு ரூபாய். சட்டம் வந்து காப்பாற்றும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

செலவு? துறையில் சும்மா கிடைக்கிற பொடிமீனை அவித்து, சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக்கினால் ஒரு கிழமைக்குக் காணும். கருவாடு என்றால் உப்புப் போக ஊறவைக்கவேண்டும். நேரம்? சோறு வைக்க முன்னம் ஐந்து நிமிடம். அடிக்கிறவர்கள் வருடக்கணக்காக அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நேரத்தை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

7. "நாயைப் பற்றி இவ்வளவு கதையா?"

உலகத்தில் வேறு வேலை இல்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு நோயின் பேரைச் சொன்னால் போதும். 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அந்தத் தொகை அண்மைய ஆண்டுகளில் இருபது முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறக்கியது நாய்களுக்குப் போட்ட தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போட்ட ஊசியும். 2006இலிருந்து அரசாங்கம் கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை. கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி. நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி ஏறினால் நோய் பரவுவது அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி ஏறவேண்டுமானால் யாராவது ஒருவர் நாயைப் பிடிக்கவேண்டும்.

கிராமத்தில் ஊசி போடுகிற நாளில் நடப்பதைப் பாருங்கள். கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டு இழுத்து வருகிறார்கள். நாய் நாலு காலையும் மண்ணில் ஊன்றி, நாக்கு நீலமாகி, மூத்திரம் விட்டுக்கொண்டு வருகிறது. ஒருவர் பொல்லால் தலையை அமத்துகிறார், ஒருவர் பின்காலை இழுத்துப் பிடிக்கிறார். ஊசி போடுகிறவர் எட்டி நின்று குத்திவிட்டு விலகுகிறார். அந்த நாயை அடுத்த வருடம் எவராலும் பிடிக்க முடியாது. கயிற்றைக் கண்டதும் வேலிக்கு அப்பால் போய்விடும்.

இதற்கு மாற்று ஒன்றும் மந்திரமில்லை. வீட்டில், நாய் விரும்பிப் படுக்கிற இடத்தில், கயிற்றைக் கழுத்தில் வைத்து எடுத்தால் ஒரு துண்டு. மறுகா வளையத்தைப் போட்டுக் கழற்றினால் ஒரு துண்டு. பிடரித் தோலை இரண்டு விரலால் ஒல்லுப்போலத் தூக்கிவிட்டால் ஒரு துண்டு. நாய் முகத்தைத் திருப்பினால் அன்றைக்கு அதோடு நிறுத்தவேண்டும். இதுதான் பொறுமை என்று நான் சொல்வது, வேறொன்றுமில்லை. சில நாட்களில் அது தானாகவே பிடரியைக் காட்டும். ஊசியில்லாத வெறும் சிரிஞ்சின் முனையை அந்த இடத்தில் அழுத்திப் பழக்கலாம். கடைசியில், முகாமுக்குக் கூட்டிப்போகிறபோது வீட்டுப் பெண்பிள்ளையே கயிற்றைப் பிடித்து வருவாள்; ஊசி ஏறும்போது நாயின் கண் அவள் கையில் இருக்கும் மீனில் இருக்கும். மாவட்டம் முழுவதும் பேனர் கட்டி விழிப்புணர்வு ஊர்வலம் விடுகிறவர்கள், ஊசி போட இரண்டு கிழமைக்கு முன்னர் இந்தப் பத்து நிமிடப் பாடத்தை வீட்டுக்காரர்களுக்குக் காட்டினால் ஊர்வலத்தைவிடப் பலன் கிடைக்கும்.

இப்போது நடப்பது வேறு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படலையில் நின்று, உங்கள் நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்கிறார். "இல்ல சேர், அது ஆள அண்ட விடாது" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. அவர் புத்தகத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். அதை ஆளை அண்ட விடாத நாயாக ஆக்கியது யார் என்று அவர் ஒரு தடவையாவது கேட்கவேண்டும்.